கிலார்னியின் 78 கிலோமீட்டர் சுற்றை ஐந்து நாளில் நடக்க முடியுமா? ஐவரில் ஒருவருக்கு முழங்கால் வலி

நெய்தல்வழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர்களாக இருக்கும் ஐந்து பேர். ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவதொரு ஏரிக்கரையில், காரை நிறுத்திய இடத்திலேயே கூடாரம் அடித்து, இரண்டு இரவு தங்கிவிட்டுத் திரும்புவதுதான் இதுவரை எங்கள் வழக்கம். முதுகில் சுமையோடு நாள் முழுவதும் நடந்த அனுபவம் எங்களில் ஒருவருக்குக்கூடக் கிடையாது. இவ்வாண்டு செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒண்டாரியோவின் கிலார்னி மாகாணப் பூங்காவுக்குச் சென்று, அங்குள்ள லா குளோஷ் சில்லவெட் தடத்தை முழுச் சுற்றாக நடந்து முடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வெள்ளைப் பாறைகளும் சிவந்த மேப்பிள் இலைகளும் உள்ள படங்களைப் பார்த்த மற்ற மூவரும் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

தயங்குகிறவன் நான் ஒருவன்தான். சுற்றின் நீளம் 78 கிலோமீட்டர். எங்களுக்குக் கிடைத்திருக்கும் விடுமுறையோ போகவரச் சேர்த்து ஐந்தே நாள்கள். போதாததற்கு, எங்களில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முழங்காலில் அடிபட்டு, படியில் இறங்கும்போது இன்னும் வலி இருக்கிறது. அவரை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனமில்லை. அவரோ, "நீங்கள் உங்கள் வேகத்தில் போங்கள், நான் பின்னால் மெதுவாக நடந்து மாலையில் முகாமுக்கு வந்து சேர்ந்துகொள்கிறேன்" என்கிறார். கேட்பதற்கு நியாயமான ஏற்பாடாகத் தோன்றினாலும் என் மனம் ஒப்பவில்லை. ஐந்து நாள் போதுமா, இந்த ஏற்பாடு சரிதானா, அங்கேயே வேறு சிறிய வழி ஏதேனும் உண்டா என்பதை நடந்து பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கற்குவியல் எழுதியது:

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 78 கிலோமீட்டரை ஐந்தால் வகுத்தால் நாளொன்றுக்கு 15.6 கிலோமீட்டர் வருகிறது. தாளில் இது சிறிய எண்தான். ஆனால் டொராண்டோ பக்கமிருந்து வருகிறவர்களானால், முதல் நாள் காலை ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி, ஜார்ஜ் ஏரி முகாம் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டைப் பெற்று, பையை முதுகில் ஏற்றும்போது நண்பகல் கடந்திருக்கும். கடைசி நாள் திரும்பி ஓட்ட வேண்டியிருப்பதால் அதிலும் பாதிதான் மிஞ்சும். ஆக, உங்கள் கையில் இருப்பது நான்கு நாள் நடை. நாளுக்குப் பத்தொன்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்தாக வேண்டும்.

அந்தத் தடத்தில் முழுச்சுமையோடு போகிறவர்களின் வேகம், ஓய்வையும் சேர்த்துப் பார்த்தால், மணிக்கு இரண்டு கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. மலையின் உயரம் இதற்குக் காரணமில்லை. பூங்காவிலேயே உயர்ந்த சில்வர் பீக் சிகரம்கூட 543 மீட்டர்தான். ஏறிய உயரத்தை உடனே இறங்கி, ஒரு சதுப்பைச் சுற்றி, மறுபடியும் ஏற வேண்டியிருப்பதுதான் ஆளைத் தின்கிறது. மலைமுகடுகள் குவார்ட்சைட் என்னும் வெண்பாறையால் ஆனவை. காய்ந்திருக்கும்போது செருப்புத் தைத்ததுபோல் காலைப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பாறை, அதன்மேல் படர்ந்த கருநிறப் பாசி மழையில் நனைந்துவிட்டால், எண்ணெய் தடவிய கல் போலாகிவிடும். செப்டம்பர் கடைசியில் பகல் பன்னிரண்டு மணி நேரம்தான். பத்து மணி நேரம் நடந்தபின் கூடாரம் அடிக்கவும் சமைக்கவும் எவ்வளவு வெளிச்சம் மிஞ்சும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு முதல் பத்து நாள் தேவை என்று பூங்கா நிர்வாகம் சொல்வது யாரையும் பயமுறுத்துவதற்காக அல்ல.

இரண்டாவது கேள்விக்கு என் விடை: கூடாது. உங்கள் நண்பர் நல்ல மனத்தோடு சொல்கிறார், இருந்தாலும் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன்பு இதே பூங்காவில் நாங்கள் நால்வர் இப்படித்தான் பிரிந்தோம். வேகமாக நடந்த இருவர் கூடாரத்தையும் அடுப்பையும் தண்ணீர் வடிகட்டியையும் எடுத்துக்கொண்டு, இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லி முன்னால் போய்விட்டார்கள். பின்தங்கிய இருவரில் நான் ஒருவன். ஓரிடத்தில் பீவர்கள் அணைகட்டி, தடமே நீரில் மூழ்கிக் கிடந்தது. குளத்தைச் சுற்றிப் பலர் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை ஒன்று தெரிய, அதைத் தொடர்ந்தோம். சற்றுத் தூரத்தில் அது காட்டுக்குள் கரைந்துபோயிற்று. வெற்றுப்பாறையில் வழிகாட்டுவதெல்லாம் கற்களை அடுக்கி வைத்த சிறு குவியல்கள்தாம். மங்கிய வெளிச்சத்தில் எல்லாக் கல்லும் குவியலாகவே தெரிந்தன.

பிறகு தூறல் தொடங்கியது. என்னோடு இருந்த நண்பர் பருத்திச் சட்டை அணிந்திருந்தார். குளிருகிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றார். ஆனால் மேலாடையின் முதல் பொத்தானை இரண்டாம் துளையில் மாட்டி, அது சரியாக வரவில்லை என்று கழற்றி, மறுபடியும் அதே துளையில் மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று முறை அப்படிச் செய்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் முதலில் விரல்களும் பேச்சும் தடுமாறும். நடுக்கம் நின்றுவிட்டால் குளிர் போய்விட்டது என்று பொருளல்ல, நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். ஈரச் சட்டையைக் கழற்றி என்னிடமிருந்த கம்பளி உடுப்பைப் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து மும்மூன்று முறையாக ஊதல் ஊதினோம். முன்னால் போனவர்கள் எங்களைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. நெற்றி விளக்கு எங்கே இருந்தது தெரியுமா? முன்னால் போனவரின் பையடியில், உறங்குபைக்குக் கீழே.

எனவே கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவர் யாரோ, அவர்தான் முன்னால் நடக்க வேண்டும். மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

விரைநடை எழுதியது:

ஐந்தே நாளில் அந்தச் சுற்றை முடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முடியும். ஆனால் எப்படி முடித்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருவர் மட்டுமே போனோம். ஜூலை மாதமாகையால் பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆளுக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் சுமையில்லை. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் வாரந்தோறும் சுமையோடு நடந்து பழகியிருந்தோம். இவ்வளவும் இருந்தும், இன்று அந்தப் பயணத்தை நினைத்தால் என் கண்முன் வருவது எனக்கு முன்னால் நடந்தவருடைய குதிகால்தான். எந்த ஏரியிலும் இறங்கி நீந்தவில்லை. இன்னொரு முறை போனால் ஒன்பது நாள் எடுத்துக்கொள்வேன்.

மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும் என்ற கருத்தில் மட்டும் எனக்குச் சிறு வேறுபாடு உண்டு. முதலிடத்தில் நடப்பவர் வழியையும் தேட வேண்டும், பின்னால் நால்வர் காத்திருக்கிறார்கள் என்ற கூச்சத்தையும் சுமக்க வேண்டும். வலியை மறைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டிவிடுவார். எங்கள் குழுவில் அவரை இரண்டாவதாக நடக்க விடுவோம். முன்னால் போகிறவர், பின்னால் கேட்கும் காலடி ஓசைக்கு ஏற்ப நடையை அமைத்துக்கொள்வார். கடைசியில் வருகிறவர் அனுபவமுள்ளவராகவும் முதலுதவிப் பெட்டியை வைத்திருப்பவராகவும் இருக்க வேண்டும்.

சுமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து பேருக்கு ஐந்து அடுப்பு தேவையில்லை, இரண்டு போதும். உணவைப் பெரும்பாலும் உலர்பொருளாகவே எடுத்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் வரை போதுமானது. பூங்காவின் உட்பகுதிக்குத் தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் கொண்டுபோகத் தடை இருக்கிறது என்பதால், அந்த வகையில் சுமை தானாகவே குறைந்துவிடும். முதுகுப்பையை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், கடையிலேயே பதினைந்து கிலோ எடையைப் போட்டு, இடுப்புப் பட்டையை இறுக்கி, அரை மணி நேரம் நடந்து பாருங்கள். நான் அப்படிச் செய்யாமல் வாங்கிப் போன வாடகைப் பையின் தோள்பட்டைத் தையல் இரண்டாம் நாளே பிரிந்துவிட, மீதிப் பயணம் முழுவதும் கூடாரக் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தேன். பணத்தைத் திருப்பித் தர அந்தக் கடைக்காரர் மறுத்துவிட்டார் என்பது வேறு கதை.

குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்த உடனேயே நின்று, காலுறையைக் கழற்றி, ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை.

தெளிநீர் எழுதியது:

மேலே இருவரும் ஐந்து நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், நான் மாற்றுவழியை மட்டும் சொல்கிறேன். முழுச் சுற்றையும் நடந்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஜார்ஜ் ஏரியில் தொடங்கி, சுற்றின் மேற்குப் பகுதியில் டோபாஸ் ஏரி வரை போய், அதே வழியில் திரும்புவது முதல்முறை வருகிறவர்களுக்குப் பொருத்தமான நடை. இரண்டு இரவில் முடிக்கிறவர்கள் உண்டு. நீங்கள் மூன்று இரவு வைத்துக்கொண்டால், நடுவில் ஒரு நாள் சுமையின்றிச் சுற்றித் திரியலாம். ஏறத்தாழ வட்டத்தின் பாதியில் மாட்டிக்கொண்டால் முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஒரே தொலைவுதான். போன வழியே திரும்பும் பயணத்திலோ, முழங்கால் எந்த இடத்தில் முரண்டு பிடித்தாலும் அங்கேயே திரும்பிவிடலாம், எதிரே என்ன வரும் என்பதும் தெரிந்திருக்கும். கடைசி நாள் கால் ஒத்துழைத்தால் நெடுஞ்சாலை 637-இன் ஓரமாகத் தொடங்கும் கிராக் தடத்தில் ஏறிப் பாருங்கள். போகவர ஆறு கிலோமீட்டர்தான் என்றாலும் கடைசிப் பகுதியில் பாறைப் பிளவுக்குள் கையையும் ஊன்றி ஏற வேண்டியிருக்கும் என்பதால், வலி உள்ளவர் அதைத் தவிர்த்துவிடலாம். மேலேயிருந்து கிலார்னி ஏரியும் ஓ.எஸ்.ஏ. ஏரியும் தெரியும்.

அந்த இரண்டாவது ஏரியின் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. முன்பு டிரவுட் ஏரி எனப்பட்ட அதன் கரைமரங்களை வெட்டவிருந்த காலத்தில், குழு எழுவர் என்ற ஓவியர் அணியைச் சேர்ந்த ஏ. ஒய். ஜாக்சன் 1930-களின் தொடக்கத்தில் அரசுக்கு எழுதி வற்புறுத்தியதால்தான் அவை பிழைத்தன. ஒண்டாரியோ ஓவியர் சங்கத்தின் பெயர்ச்சுருக்கமே பிறகு ஏரிக்குப் பெயராயிற்று. பூங்கா உருவானது 1964-இல்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல்முறை வருகிறவர்கள் பலர் இதில் ஏமாறுகிறார்கள். உங்கள் வழியில் லம்ஸ்டன் ஏரியும், பெயரிலேயே அமிலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஆசிட் ஏரியும் வரும். பல மீட்டர் ஆழத்துக் கல்லும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இங்குள்ள ஏரிகள் சில தெளிந்தவை. அந்தத் தெளிவு தூய்மையின் அடையாளம் அல்ல. சட்பரி உலோக ஆலைகளின் கந்தகப் புகை அமில மழையாக இறங்கி, நுண்ணுயிரிலிருந்து மீன் வரை அழிந்ததால் வந்த தெளிவு அது. குவார்ட்சைட் பாறைக்கு அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்புத் தன்மை இல்லாததால் இந்த ஏரிகள் அடிபட்டன. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஹார்வி 1966-இல் லம்ஸ்டன் ஏரியில் விட்ட இளஞ்சிவப்புச் சால்மன் மீன்குஞ்சுகள் ஒட்டுமொத்தமாகக் காணாமற்போனதுதான், வட அமெரிக்காவில் அமில மழை ஆய்வுக்கு வித்திட்ட நிகழ்வுகளுள் ஒன்று. இப்போது ஏரிகள் பல மீண்டுவருகின்றன. ஆனால் பீவர் உள்ள இடத்தில் ஜியார்டியா ஒட்டுண்ணியும் இருக்கும் என்று கொண்டு, எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டாமலோ, ஒரு நிமிடமாவது தளதளவெனக் கொதிக்க விடாமலோ ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம். வடிகட்டியை இரவில் உறங்குபைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதனுள் உள்ள ஈரம் உறைந்தால் நுண்துளைகள் கிழிந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

முகாம் இடங்களை ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம். இலை சிவக்கும் பருவத்துக்கு முதல் நாளே போட்டி இருக்கும்.

நெய்தல்வழி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பொத்தான் கதையை நண்பர்களிடம் படித்துக் காட்டினேன். முழுச் சுற்றைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. டோபாஸ் ஏரிவழியை எடுத்துக்கொள்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. எங்களில் ஒருவர் சமையலில் ஆர்வமுள்ளவர். முகாமில் தாளித்து ரசம் வைக்காமல் விடமாட்டேன் என்கிறார். அந்த வாசத்துக்குக் கரடி வருமா? மேலும், அங்கே கைப்பேசி வேலை செய்யாது என்கிறார்களே, அவசரம் என்றால் என்ன செய்வது?

கருங்கரடி_காவல் எழுதியது:

ரசம் வைக்கலாம், வைத்த இடத்தில் தூங்கக்கூடாது. அங்கே இருப்பது கருங்கரடி. செப்டம்பர் கடைசியில் அது குளிர்காலத் தூக்கத்துக்கு முன் நாள் முழுவதும் தின்றுகொண்டிருக்கும். அதன் மூக்கை ஏமாற்ற முடியாது என்பதால், தாளித்த உணவுக்கும் வெறும் கஞ்சிக்கும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வேறுபாடில்லை. பற்பசைகூட அதற்கு உணவுதான். கூடாரத்திலிருந்து நன்கு தள்ளி, காற்று வீசிச் செல்லும் பக்கமாகச் சமையுங்கள். சமைக்கும்போது அணிந்த மேலாடையோடு உறங்கப் போகாதீர்கள். கழுவிய நீரை ஏரியில் ஊற்றாமல் தள்ளிப்போய் மண்ணில் ஊற்றுங்கள்.

உணவு, குப்பை, பற்பசை, களிம்பு அனைத்தையும் ஒரே பையில் போட்டு, நிலத்திலிருந்து குறைந்தது நான்கு மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து நன்கு விலகித் தொங்கும்படி கட்ட வேண்டும். எழுதுவது எளிது. கயிற்று நுனியில் கல்லைக் கட்டி வீசினால் பாதி நேரம் கல் கழன்று பறக்கும்; மீதி நேரம் கிளையைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். சிறு துணிப்பையில் கல்லைப் போட்டு, அதன் வாயைக் கயிற்றோடு கட்டி வீசுவதுதான் எனக்குக் கைவந்த முறை. இருட்டியபின் இதைச் செய்ய முயன்று தலையில் அடிவாங்கியவர்கள் உண்டு. முகாமுக்கு வந்ததும் கூடாரத்துக்கும் முன்பாகக் கயிற்றை ஏற்றிவிடுங்கள்.

கரடியை நேரில் கண்டால் ஓடக்கூடாது. அதைப் பார்த்தபடியே, பேசிக்கொண்டே, மெல்லப் பின்வாங்குங்கள். ஐவரும் நெருங்கி நின்றால் அதுவே பெரிய உருவம். விலகாமல் பின்தொடர்ந்து வந்தால் கத்தி, கல்லெறிந்து விரட்ட வேண்டும். தாக்கினால் இறந்ததுபோல் படுத்துவிடாமல் எதிர்த்துப் போராட வேண்டும். மிளகுத் தெளிப்பானைப் பைக்குள் வைத்திருந்து பயனில்லை, இடுப்பில் இருக்க வேண்டும். உண்மையில் இத்தனை ஆண்டுகளில் என் உணவைத் திருடியவை அணில்கள் மட்டுமே. வெயில் அடிக்கும் பாறையில் கை வைக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மசசாகா என்னும் விரியன் வகைப் பாம்பு ஜார்ஜியன் விரிகுடாப் பகுதியில் உண்டு. அது கூச்சமுள்ளது, வாலை ஆட்டி எச்சரித்துவிட்டு ஒதுங்கிவிடும். கருஈயும் கொசுவும் உங்கள் வாரத்துக்குள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் என்பதே இந்தப் பருவத்தின் பெரிய பேறு.

கைப்பேசிச் சமிக்ஞையை நம்ப வேண்டாம். கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவி ஒன்று குழுவுக்கு இருந்தால் நல்லது. ஐபோன் 14-உம் அதற்குப் பிந்தையவையும் செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பும், ஆனால் அடர்ந்த மரங்களுக்கடியில் தடுமாறும், மின்கலமும் குளிரில் விரைவாக இறங்கும். கருவியைக் காட்டிலும் முக்கியமானது ஒன்றுண்டு: எந்த இரவு எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் ஒண்டாரியோ மாகாணக் காவல்துறையை அழைக்க வேண்டும் என்று தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பியதும் அவரை அழைக்க மறந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை மறந்து, உணவகத்தில் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் தங்கை காவல்துறையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

நெய்தல்வழி எழுதியது:

நன்றி. நேற்றிரவு ஐவரும் கூடிப் பேசினோம். முழங்கால் வலி உள்ளவர் இரண்டாவதாக நடப்பார், கூடாரத்தை நாங்கள் நால்வரும் பகிர்ந்து சுமப்போம், பிற்பகல் மூன்று மணிக்கு எங்கே இருந்தாலும் அன்றைய திட்டத்தை மறுபடியும் பார்ப்போம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவர் முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு, ரசப்பொடியையாவது தன்னிடம் தரச் சொன்னார்.

கற்குவியல் எழுதியது:

தண்ணீர்ப் புட்டியையும் உறங்குபையையும் அவரே சுமக்கட்டும். எதுவும் சுமக்காமல் நடந்தால் அவருக்கு இன்னும் சங்கடமாக இருக்கும். இரண்டு ஊன்றுகோல்கள் கட்டாயம் வேண்டும், ஒன்று போதாது. இறங்கும்போது அவற்றைச் சற்று நீட்டி வைத்து, காலுக்கு முன்பாகக் கோலை ஊன்றச் சொல்லுங்கள். பாறையில் ஊன்றுவதற்கு நுனியில் ரப்பர் குப்பி மாட்ட வேண்டும். அது எளிதில் கழன்று தொலையும், நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முந்தைய ஆறு வாரமும் வாரம் ஒருமுறை, அதே காலணியோடும் அதே சுமையோடும், ஐவரும் சேர்ந்து நடந்து பாருங்கள். அவருடைய முழங்கால் எத்தனையாவது கிலோமீட்டரில் வலிக்கத் தொடங்குகிறது என்பதைக் குறித்துவையுங்கள். முதல் இரவுக்கான இடத்தை அந்த எண்ணை வைத்துத்தான் பதிவு செய்ய வேண்டும்.